ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது பழமொழி. படிப்பு ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம் என்று நினைப்பவர்கள் இதை அடிக்கடி சொல்வார்கள். சென்ற ஆடி மாதத்தில் எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டுத் திண்ணையில் இப்பழமொழியை நாங்கள் நேரிலேயே கேட்க நேர்ந்தது. அன்று முதல் எங்கள் மனத்தில் உழன்றுகொண்டிருக்கும் எண்ணங்களையே இங்கு எழுதுகிறோம்.

தோழியின் தந்தை உழவர். வாய்க்கால் ஓரத்துத் தாழ்வில் அவருக்கு மூன்று மா நிலம் உண்டு. முந்திய ஆண்டு கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் பன்னிரண்டு நாள் நீரில் மூழ்கி அழுகிப் போயிற்று. அடகுக் கடைக்குப் போன தோழியின் தாயாருடைய தோடும் சங்கிலியும் இன்னும் திரும்பவில்லை. மறுபடியும் நாற்று விடும் காலம் நெருங்கியது. நாங்கள் நால்வரும் கைப்பேசியை வைத்துக்கொண்டு பாடம் படிப்பதைப் பார்த்த அவர் எங்களிடம் ஒன்று கேட்டார்.

"ஏம்மா, உலகத்துப் புத்தகமெல்லாம் அதுக்குள்ள இருக்குங்கிறீங்களே. பத்துப் பன்னெண்டு நாள் தண்ணியில கெடந்தாலும் அழுகாத நெல்லு நம்ம பக்கத்துல முன்னாடி இருந்துச்சுன்னு எங்க அம்மா சொல்லும். அது என்ன நெல்லு, எந்த ஊர்ல போட்டாங்க, இப்ப வெதை யார்கிட்ட கெடைக்கும்? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"இதோ சொல்கிறோம், மாமா" என்றோம். ஐந்து நிமிட வேலை என்று எண்ணினோம். அதற்கு ஐந்து வாரம் பிடித்தது!

முதல் நாள் மாலை ஓர் இணைய நூலகத்தில் 'நெல்' என்று எழுதித் தேடினோம். திருநெல்வேலியைப் பற்றிய நூல்கள் வந்தன. நெல்லிக்கனியைப் பற்றிய நூல் வந்தது. நெல்லைப் பற்றிய நூல்களும் சில வந்தன. அவற்றைத் திறந்தால் ஒவ்வொரு பக்கமும் புகைப்படம். கண்ணால் படிக்கலாம், உள்ளே ஒரு சொல்லைத் தேட முடியாது. நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் இருந்தன. எந்தப் பக்கத்தில் வெள்ளம், எந்தப் பக்கத்தில் விதை என்று சொல்வார் இல்லை. இருட்டும் வரை பார்த்துவிட்டு வெறுங்கையோடு எழுந்தோம். அப்போதுதான் தோழியின் அப்பாயி சிரித்துக்கொண்டே அந்தப் பழமொழியைச் சொன்னார்கள்.

எங்களுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பின்னர் ஆற அமர எண்ணிப் பார்த்தபோது, குற்றம் ஏட்டில் இல்லை, ஏட்டை அடுக்கி வைத்த முறையில்தான் இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றியது. மின்னூலகம் என்பது புகைப்படம் எடுத்த பக்கங்களின் குவியல் அன்று. கேள்வியோடு வருபவரை விடை இருக்கும் இடத்திற்குக் கைபிடித்து அழைத்துச் செல்லும்படி அது அமைக்கப்பட வேண்டும். இதுவே எங்கள் கருத்து.

நூல் செல்வத்தில் நம் தஞ்சை எந்த ஊருக்கும் இளைத்ததன்று. நாயக்க மன்னர் காலத்தில் தோன்றி, மராட்டிய மன்னர்களால், சிறப்பாக 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரால், வளர்க்கப்பட்டது சரசுவதி மகால் நூலகம். 1918-இல் அது பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டது. வடமொழி, தமிழ், தெலுங்கு, மராத்தி மொழிகளில் 40,000-க்கும் மேற்பட்ட சுவடிகள் அங்கே உள்ளன. மோடி என்னும் விரைவெழுத்தில் எழுதிய அரண்மனைக் கணக்குகளும் சத்திரக் கணக்குகளும் உள்ளன. அவற்றில் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது.

இத்தனை சுவடிகளில் எது எங்கே என்று காண வழி செய்தவர்களை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல் என்னும் ஆங்கிலேயர் வடமொழிச் சுவடிகளை வகைப்படுத்தி எழுதிய அட்டவணை 1880-இல் அச்சாயிற்று. பின்னர் பி. பி. எஸ். சாஸ்திரி அவர்கள் 1928 முதல் 1934 வரை 19 தொகுதிகளாக விளக்க அட்டவணையை வெளியிட்டார். ஒரு சுவடிக் கட்டில் பல நூல்கள் இருக்கும், முதல் ஏடு காணாமல் போயிருக்கும், பெயரே இராது. ஏடு ஏடாகப் படித்துப் பார்த்தால் அன்றி அதில் இருப்பது இன்னதென்று எழுத முடியாது. அட்டவணை எழுதுவது நூல் எழுதுவதைப் போன்றே அரும்பணி என்பது இதிலிருந்து விளங்கும்.

இனி, தோழியின் தந்தை கேட்ட கேள்வியைச் சற்று ஆராய்வோம். பார்வைக்கு அது ஒரு கேள்வி. பிரித்துப் பார்த்தால் நான்கு. பொருள் எது? நெல். அதற்கு நேர்வது என்ன? நீரில் மூழ்குவது. இடம் எது? காவிரியின் கடைமடை. காலம் எது? அப்பாயியின் இளமைக் காலமும், அதற்கு முன்னும், இன்றும். இந்நான்கும் ஒன்று சேரும் இடத்தில்தான் விடை இருக்கிறது. நூலின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் அந்த இடத்தை எப்படி அடைய முடியும்?

இப்படிப் பிரித்துப் பார்க்கும் கலையை உலகுக்குக் கற்பித்தவர் நம் பகுதியில் பிறந்தவர் என்பதை அறிந்தபோது நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அவர்தாம் 1892-இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள். கணிதப் பேராசிரியராக இருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் சென்றிருந்தபோது ஒரு கடையில் 'மெக்கானோ' என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். அதே சில துண்டுகளைப் பூட்டினால் வண்டி; கழற்றி வேறு விதமாகப் பூட்டினால் பாலம்! அதுபோலவே ஒரு நூலின் பொருளையும் துண்டுகளாகப் பிரித்து, வேண்டியபடி இணைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து பிறந்ததே 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை. எந்தப் பொருள், எந்தச் செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று கூறுகூறாக எண்ணுவதே அம்முறையின் உயிர்.

அதற்கு முன்பே, 1931-இல், நூலகத்திற்கு ஐந்து விதிகளை அவர் வகுத்திருந்தார். வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது அவற்றுள் நான்காவது. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் ஒரு மாட்டு வண்டி நூலகம் புறப்பட்டது. அதைத் தொடங்கி வைத்தவரும் அவரே. கிராமத்து மக்கள் இருக்கும் இடத்திற்கு நூல்கள் வண்டி கட்டிக்கொண்டு போயின. நூலகம் பண்டிதர்களுக்கு மட்டுமே, உழவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அந்த வண்டி மாடுகளே விடை சொல்லும்!

எங்கள் ஐந்து வாரத் தேடலில் விடை துண்டு துண்டாகக் கிடைத்தது. ஒரு துண்டு அப்பாயியின் நினைவில் இருந்தது. விடாமல் கேட்டதில், "மடுமுழுங்கின்னு ஒரு நெல்லு" என்றார்கள். 'மடுமுழுங்கி' என்று தேடினால் சில வருகின்றன. 'மடுவிழுங்கி' என்று தேடினால் வேறு சில வருகின்றன. காட்டுயானம் என்னும் உயர்ந்து வளரும் நெல்லை 'காட்டு யானம்' என்று பிரித்து எழுதுவாரும் 'காட்டுயாணம்' என்று எழுதுவாரும் உண்டு. மனிதருக்கு இவை ஒன்று, கணிப்பொறிக்கு மூன்று.

இன்னொரு துண்டு ஆங்கிலத்தில் இருந்தது. 1883-இல் வெங்கசாமி ராவ் எழுதிய தஞ்சை மாவட்ட நூலும், 1906-இல் ஹெமிங்வே எழுதிய கெசட்டியரும் இவ்வட்டாரத்துச் சாகுபடியையும் பாசனத்தையும் விவரிக்கின்றன. அவற்றை இணையத்தில் காணலாம். ஆனால் தமிழில் தேடுபவருக்கு அவை தட்டுப்படா.

மூன்றாவது துண்டு திருத்துறைப்பூண்டிக்கு அருகில் ஆதிரெங்கத்தில் கிடைத்தது. அங்கே 'நெல்' ஜெயராமன் அவர்கள் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, 174 மரபு நெல் வகைகளைத் தேடி மீட்டார். 2018-இல் அவர் மறைந்தார். விதை வாங்கிச் செல்பவர் மறுஆண்டு இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே அவர் வைத்த முறை. விதைக்கும் ஒரு நூலகம் உண்டு என்பதை அங்கே அறிந்தோம்.

நான்காவது துண்டு வெகு தொலைவிலிருந்து வந்தது. ஒடிசாவில் உழவர்கள் பயிரிட்டு வந்த ஒரு பழைய நெல்லிலிருந்து 'எப்.ஆர். 13ஏ' என்னும் வகையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எப்.ஆர். என்றால் வெள்ளம் தாங்குவது என்று பொருள். பல்லாண்டு காலம் அது விதை வங்கியில் அந்தக் குறிப்போடு காத்திருந்தது. அதில் வெள்ளம் தாங்கும் மரபணுவை விஞ்ஞானிகள் கண்டறிந்து 2006-இல் உலகுக்கு அறிவித்தார்கள். 'சப் 1' என்று அதற்குப் பெயர். முழுதும் மூழ்கியபோது அது பயிரின் வளர்ச்சியை அடக்கி, உள்ள சத்தைச் சேமிக்கிறது. ஏறத்தாழ இரண்டு வாரம் வரை பயிர் உயிரோடு இருக்கும். 2009-இல் 'ஸ்வர்ணா சப் 1' நம் நாட்டில் வெளியிடப்பட்டது. நம் டெல்டா உழவர்கள் நன்கறிந்த சி.ஆர். 1009 நெல்லிலும் அதைச் சேர்த்து 'சி.ஆர். 1009 சப் 1' உருவாக்கப்பட்டுள்ளது.

தோழியரே, இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஒடிசா நெல்லைச் சேமித்தவர்கள் 'இது ஒரு நெல்' என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆயிரக்கணக்கான நெல்லோடு நெல்லாக அது உறங்கியிருக்கும். 'வெள்ளம் தாங்கும்' என்று யாரோ ஒருவர் எழுதிய சிறு குறிப்புதான் பின்வந்தவர்களை அதனிடம் அழைத்துச் சென்றது. ஒரு பொருளின் பெயரை எழுதுவதோடு நில்லாமல், அது எந்தக் கேள்விக்கு விடையாகும் என்பதையும் எழுதி வைப்பதே நல்ல அட்டவணை.

இவ்வளவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நாங்கள் போனபோது ஆவணி பிறந்திருந்தது. கையில் கிடைத்த விதையை வாங்கித் தோழியின் தந்தை நாற்று விட்டாயிற்று. "பரவால்லம்மா, அடுத்த வருசத்துக்கு ஆகட்டும்" என்றார். ஐப்பசி மழையில் தாழ்வயல் மீண்டும் மூழ்கியது. ஆறாம் நாள் நீர் வடிந்ததால் பாதிப் பயிர் பிழைத்தது. வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்ற விதியின் பொருள் எங்களுக்கு அன்றுதான் விளங்கியது. இந்த ஐந்து வாரத்தை ஒரு மணி நேரமாக ஆக்க முடியாதா?

முடியும் என்றே எண்ணுகிறோம். அதற்குச் சில தேவைகள் உண்டு.

முதலாவது, பக்கத்தின் படத்தோடு அதன் எழுத்தும் இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அவர்கள் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தார்கள். அவர்கள் காட்டிய வழி அது.

இரண்டாவது, ஒரே பொருளின் பல பெயர்களை உறவுபடுத்தும் அகராதி ஒன்று உள்ளே இயங்க வேண்டும். தரங்கம்பாடியும் 'டிராங்கபாரும்' ஒன்று. மாவும் குழியும் வேலியும் ஒரே கணக்கின் படிகள். பசலி 1230 என்றால் ஆங்கில ஆண்டு 1820-ஐ ஒட்டியது. இவற்றை அறியாத நூலகம் சரபோஜி காலத்துக் கணக்கை இன்றைய கேள்வியோடு எப்படிச் சேர்க்கும்?

மூன்றாவது, நூலகங்களுக்கிடையே கதவு இருக்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்தில் 2005-இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் ஆகியவை அரிய பணி செய்கின்றன. ஆயினும் கேட்பவர் ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று அதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

நான்காவது, விடையோடு சான்றும் வேண்டும். இப்போது செயற்கை அறிவு வந்துவிட்டதே, அதைக் கேட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். நொடியில் அழகிய தமிழில் பத்து நெல்லின் பெயரைச் சொல்லிற்று. எந்த நூலில் இருக்கிறது என்றோம். ஒரு நூலின் பெயரையும் சொல்லிற்று. தேடிப் பார்த்தால் அப்படி ஒரு நூலே இல்லை! அதை நம்பி ஒருவர் மூன்று மாவிலும் விதைத்திருந்தால் அந்த நட்டத்திற்கு யார் பொறுப்பு? ஆகவே விடை சொல்லும் நூலகம், "இதோ இந்த ஏடு, இந்தப் பக்கம், நீயே பார்" என்று காட்ட வேண்டும். இல்லாததை "இங்கே இல்லை" என்று சொல்லும் நேர்மையும் வேண்டும். கேட்பவரின் கேள்வியை முதலில் புரிந்துகொள்ளும் நூலகர் ஒருவரும் வேண்டும். எங்களுக்கு அவ்வாறு உதவியவர் நம் பள்ளி நூலகப் பொறுப்பைப் பார்க்கும் சிஸ்டர்தான். கேள்வியை நான்காகப் பிரிக்கும்படி சொன்னவர் அவரே.

முதலில் படம் எடுத்துக் காப்பாற்றட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. செல்லும் ஈரமும் காத்திருப்பதில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்ததை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. காப்பது முதற்கடமைதான். ஆனால் காத்ததைக் கண்டெடுக்க முடியாவிட்டால், இருந்தும் இல்லாத கதையே.

கண்டெடுக்க முடிந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் தஞ்சையிலேயே சான்று உண்டு. சீகன்பால்கு மொழிபெயர்த்துத் தரங்கம்பாடியில் 1715-இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் பிரதி ஒன்று, சரபோஜி மன்னரின் கையொப்பத்தோடு சரசுவதி மகாலில் இருந்தது. 2005-இல் அது காணாமல் போயிற்று. பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 2022-இல், தமிழகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவினர் வெளிநாட்டுத் தொகுப்புகளின் இணைய தளங்களை ஒவ்வொன்றாகத் தேடி, அது லண்டனில் ஒரு தொகுப்பில் இருப்பதைக் கண்டறிந்தார்கள். யாரோ ஒருவர் தம் அட்டவணையில் முறையாக எழுதி வைத்திருந்தார். தேடியவர்களுக்கு அது காட்டிக் கொடுத்தது.

இவையெல்லாம் அரசும் அறிஞரும் செய்ய வேண்டியவை, நம்மால் என்ன ஆகும் என்று நாம் இருந்துவிடலாகாது. எங்கள் வகுப்பில் ஒரு குயர் நோட்டு வாங்கிக் கோடு போட்டிருக்கிறோம். நெல்லின் பெயர், அதன் வேறு பெயர்கள், எந்த ஊர், எந்தக் காலம், என்ன குணம், யார் சொன்னது என்று ஆறு கட்டங்கள். அவரவர் பாட்டியிடமும் தாத்தாவிடமும் கேட்டு எழுதுகிறோம். பாதி நோட்டு நிறைந்துவிட்டது. பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய கணக்கு நோட்டோ ஓலைக் கட்டோ இருந்தால் ஆற்றில் விட்டுவிடாதீர்கள். எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வள்ளுவர் கல்விக்கும் அறிவுடைமைக்கும் இடையில் 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் வைத்தார். தமிழில் கேள்வி என்றால் வினவுவதும் ஆகும், செவி கொடுப்பதும் ஆகும். பன்னிரண்டு வயதில் நம் ஆண்டவர் எருசலேம் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து செய்ததும் இவ்விரண்டையுமே என்று நற்செய்தியில் படிக்கிறோம். நூலகமும் அப்படி இருக்கட்டும். கேட்பவருக்குச் செவி கொடுக்கும் நூலகத்தை அமைக்கும் கைகள் நாளை நம் வகுப்புகளிலிருந்தே வரட்டும்.

தோழியின் அப்பாயி இப்போது எங்களைக் கண்டால் பழமொழி சொல்வதில்லை. "நோட்டைக் கொண்டாங்க, இன்னொரு நெல்லு ஞாபகம் வந்திருக்கு" என்கிறார்கள்.